பிளாஸ்திரி ஒட்டிய சாலை

"அதுக்கு முன்னாடி?"

பஸ் கதவில் கட்டை விரலை நசுக்கிக்கொண்டு, ரத்தம் சொட்டச் சொட்ட அந்த அம்மாவின் முன்னால் போய் நின்றேன். "கதவு நசுக்கிடுச்சுங்க" என்றேன். அடடா என்று ஒரு வார்த்தை வர வேண்டுமே? வராது. பஞ்சை டிங்ச்சரில் நனைத்துக்கொண்டே கேட்ட கேள்விதான் மேலே இருப்பது.

"முன்னாடின்னா... கதவைச் சாத்தினேன்."

"அதுக்கு முன்னாடி?"

"விசில் ஊதினேன்."

"டிக்கெட் கட்டு எங்க இருந்தது?"

"கக்கத்துலங்க. அது நழுவிச்சு, பிடிக்கப் போனேன்..."

"அப்படிச் சொல்லு. கதவு மேல பழி போட்டியே! உன் விரலை நசுக்கினது உன் கக்கம். கட்டுக்கு ஒரு கயிறு போட்டுக் கழுத்துல மாட்டிக்க."

டிங்ச்சர் எரிச்சலில் நான் குதித்தேன். ஆனால் மறுநாளே கயிறு போட்டுக்கொண்டேன். அப்புறம் எத்தனையோ வருஷம் கண்டக்டர் வேலை பார்த்தும் கதவில் விரல் போகவே இல்லை.

ஐம்பதுகளின் கடைசி அது. ஜங்ஷனில் கிளம்பி, பாலக்கரை, காந்தி மார்க்கெட், காவிரிப் பாலம் என்று போய் ஸ்ரீரங்கத்தில் நிற்கிற தனியார் டவுன் பஸ் எங்களுடையது. அந்த அம்மா பாலக்கரையில் ஏறுவார். ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் அறை நர்ஸ். வெள்ளைப் புடவை, கறுப்புக் குடை, சர்ச்சில் காலைப் பூசை முடித்து வந்த முகம். உட்காரும் இடம் எப்போதும் டிரைவருக்கு நேர் பின் சீட். நேரில் எல்லோருக்கும் நர்ஸம்மா. முதுகுக்குப் பின்னால் 'முன்னாடியம்மா'. அந்தப் பட்டம் அவருக்கும் தெரியும். ஒருநாள் பஸ்ஸில் யாரோ வாய் தவறி அப்படியே கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டபோது, "பின்னாடியம்மான்னு சொல்லாத வரைக்கும் சரி" என்றாரே பார்க்கணும்! பஸ்ஸே சிரித்தது.

காயத்தோடு வருகிறவர்களுக்கு அந்தக் கேள்வி ஒரு வேதனை. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் யாரும் பதில் சொல்வார்கள். விழுவதற்கு முன் என்ன செய்தாய், அதற்கு முன் என்ன பார்த்தாய் என்று கேட்டால்? தேங்காய் மண்டி ஆள் ஒருவர் ஒருமுறை வெடித்தே விட்டார்.

"ஏம்மா, நீ கட்டுப் போடறியா, கேஸ் எழுதறியா?"

"கட்டுப் போடறது இன்னிக்கு வந்த உங்களுக்கு. கேக்கறது நாளைக்கு வரப்போறவருக்கு."

அவர் காயத்தை நீட்டினார். எனக்கானால் அந்த வாக்கியம் அப்படியே ஒட்டிக்கொண்டது. நல்ல பேச்சைக் கேட்டால் டிக்கெட்டின் முதுகில் குறித்துக்கொள்கிற வழக்கம் எனக்கு உண்டு. அந்த அம்மாவாலேயே எத்தனை டிக்கெட் வீணாயிற்று!

அவருடைய அறைக் கதவின் பின்பக்கம் பழைய காலண்டர் தாள் ஒன்று திருப்பி ஒட்டியிருக்கும். அதில் பென்சிலால் பாலம், வளைவு, சந்தை, கோபுர வாசல், பந்து மைதானம் எல்லாம் வரைந்திருப்பார். ஒருவருக்குக் கட்டுப் போட்டு முடித்ததும் மிச்சப் பிளாஸ்திரியில் நகத்தளவு கிள்ளி, அவர் விழுந்த இடத்தில் ஒட்டுவார். "ஆளுக்கு ஒரு பிளாஸ்திரி, எடத்துக்கு ஒரு பிளாஸ்திரி" என்பார். டாக்டரே அதைப் பார்த்து, "என்னம்மா, ஊருக்கே கட்டுப் போடறியா?" என்று கேலி செய்வார். "ஊருக்குத்தானே சார் அடிபட்டிருக்கு" என்று பதில் வரும்.

அந்தத் தாளில் மைதானம் ஒரு காலத்தில் பிளாஸ்திரியால் வெள்ளையாகவே கிடந்தது. பள்ளிக்கூடப் பையன்களும் எங்கள் ஷெட் ஆட்களும் சேர்ந்த ஃபுட்பால் குழு எங்களுடையது. முக்கால்வாசிப் பேர் நெற்றியில் பிளவோடு அவரிடம் போனவர்கள். பந்து பட்டது என்றால் அவர் விடுவாரா? "பந்துல எது பட்டது?" என்று துருவித் துருவிக் கேட்டு, ஒருநாள் குடையைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்கே வந்துவிட்டார். அந்தக் காலத்துத் தோல் பந்துக்கு வாய் உண்டு. அதைக் கயிறு கோத்து மேலேயே முடிச்சுப் போட்டிருப்போம். பந்தை வாங்கி அந்த முடிச்சைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"நெத்தியைக் கிழிக்கிற பல்லு இதுதான். முடிச்சை உள்ள தள்ளித் தைங்க. மழையில ஊறின பந்தைத் தலையால முட்டாதீங்க, அது கல்லு."

தைத்தோம். நெற்றிகள் பிழைத்தன. ஆனால் இன்னொரு சட்டமும் போட்டார் பாருங்கள், அதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை. தலையில் அடிபட்டவன் எழுந்து நின்று சிரித்தாலும் சரி, அன்றைக்கு ஆட்டம் கிடையாது. தலைவலி முழுசாகப் போய், வெளிச்சம் கூசாமல், படிப்பு மண்டையில் ஏறுகிற வரைக்கும் மறுநாளும் கிடையாது. கேப்டன் கையெடுத்துக் கும்பிட்டுப் பார்த்தான்.

"நர்ஸம்மா, பாருங்க, நல்லாத்தான் ஓடறான்."

"கால் நொண்டினா ஓட விடுவியா? மூளை நொண்டுதுப்பா. அதுக்குக் கட்டுப்போட எடமில்ல. உக்காந்துதான் ஆகணும். ஆறாத தலையில இன்னொரு அடி பட்டா என்கிட்ட கொண்டு வராதே, என்னால ஒண்ணும் ஆகாது."

சிரித்துக்கொண்டு சொல்கிற அம்மா அதை மட்டும் சிரிக்காமல் சொன்னார்.

இனி எங்கள் பஸ்ஸில் கட்டின வாழைக்கு வருகிறேன்.

ஆயுத பூஜைக்கு எங்கள் ஊர் பஸ்கள் எப்படிக் கிளம்பும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். காவிரிக்கரை பூராவும் வாழைத் தோப்பு. கன்றுக்கா பஞ்சம்? முன்பக்கம் இரண்டு புறமும் வாழை, குறுக்கே தோரணம், கண்ணாடிக்கு மேல் ஆள் பருமன் மாலை. இதைக் கட்டுகிற உரிமை கண்டக்டருடையது. முந்தின வருஷம் எதிர்க் கம்பெனி பஸ் எங்களைவிடப் பெரிய வாழை கட்டி எங்கள் மானத்தை வாங்கியிருந்தது. அந்த வருஷம் நான் திருவானைக்காவல் தோப்பில் விடியற்காலையே போய் நின்று, குலை தள்ளின மரங்களாகவே இரண்டு வெட்டிக்கொண்டு வந்தேன். ஒன்றை இடப்பக்கம், ஒன்றை வலப்பக்கக் கண்ணாடிக் கம்பியோடு சேர்த்து, டிரைவர் ஜன்னல் ஓரமாக, பஸ் குலுங்கினாலும் அசையாதபடி கட்டினேன். ஷெட்டே கை தட்டியது! எதிர்க் கம்பெனி கண்டக்டர் முகம் போன போக்கை நினைத்தால் இப்போதும் எனக்குக் குஷிதான்.

இதில் இன்னொரு சங்கதி. பூஜைக்குக் கட்டியதை நாமே அவிழ்க்கக் கூடாது என்பது எங்கள் ஷெட்டில் வழக்கம். அதுவே வாடி, காற்றில் உதிர்ந்து போக வேண்டும். புரட்டாசியில் மழை வேறு தூறினால் வாழை எங்கே வாடும்?

பூஜை முடிந்த அடுத்த வியாழக்கிழமை. பாலம் தாண்டி வலப்பக்கம் திரும்புகிற வளைவு. எங்கள் டிரைவர் மாணிக்கம் அண்ணன் மெதுவாகத்தான் திருப்பினார். ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை என்று பெயர் வாங்கிய மனிதர். 'டங்'கென்று ஒரு சத்தம். இறங்கி ஓடினேன். சைக்கிள் ஒரு பக்கம், ராஜப்பா ஒரு பக்கம். எங்கள் குழுவின் லெஃப்ட் அவுட். பத்தாம் வகுப்புப் படிக்கிற பையன், ஓடினால் காற்று. சனிக்கிழமை கோப்பை ஆட்டம்.

எழுந்துவிட்டான்! மண்ணைத் தட்டிக்கொண்டு சிரித்தான். "ஒண்ணுமில்லண்ணே" என்றான். காதுக்கு மேலே எலுமிச்சங்காய் அளவு வீக்கம், அவ்வளவுதான். கூட்டம் கலையப் பார்த்தது. டிரைவருக்குப் பின் சீட்டிலிருந்து நர்ஸம்மா இறங்கி வந்தார்.

"என்னைக்கு மேட்ச்?" என்று அவன்தான் அவரைக் கேட்டான்.

"சனிக்கிழமை."

இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. "என்னைக்கு மேட்ச்?"

"சனிக்கிழமை."

"நர்ஸம்மா, மேட்ச் என்னைக்கு?"

கூட்டத்தில் சிரித்தவர்கள் மூன்றாம் தடவை சிரிக்கவில்லை. அந்த அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "பஸ்ஸை ஆஸ்பத்திரிக்கு விடுங்க மாணிக்கம், மெதுவா" என்றார்.

மாணிக்கம் அண்ணன் ஏறி வண்டியை எடுத்தார். என்னிடம் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார். "நான் பார்க்கலடா. சத்தியமா அங்க ஆளே இல்லடா."

முதலாளி அன்று மத்தியானமே ஆஸ்பத்திரிக்கு வந்தார். பையனிடம் அவர் கேட்டதற்கு, "டிரைவர் பக்கமாத்தான் வந்தேன். எதிர்லதான உக்காந்திருந்தாரு. பார்த்திருப்பாரு" என்று அவன் அரைத் தூக்கத்தில் முனகினான். போதாதா? ஷெட்டில் எல்லோர் முன்னிலையிலும் முதலாளி சத்தம் போட்டார்.

"உன் மூக்குக்கு நேரா வந்திருக்கான், பார்க்கலங்கறே. கண்ணு போச்சா, இல்ல பொய் சொல்றியா? ரெண்டுல எதுவா இருந்தாலும் எனக்கு வேணாம். திங்கக்கிழமை வரைக்கும் வண்டியைத் தொடாதே, அதுவரைக்கும் பார்ப்பேன். அப்புறம் வேற எடம் பார்த்துக்கய்யா."

கண் போச்சு என்று ஒரு முதலாளி சொல்லி அனுப்பிய டிரைவரை வேறு எந்த முதலாளி எடுப்பார்? மாணிக்கம் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். "நர்ஸம்மா, பையன்கிட்ட நல்லாக் கேளுங்க. அண்ணன் வேலை போகப்போகுது!"

"இன்னிக்குக் கேக்கமாட்டேன்."

"உங்களுக்கு வேலையே கேக்கறதுதானங்க!"

"தலையில அடிபட்டவனுக்கு ஞாபகம் தானா வரணும். நாம பிடிச்சு இழுத்தா, நாம இழுத்ததுதான் வரும். மாணிக்கத்துக்கு நல்லதா நாலு வார்த்தை அவன் வாயில போடறதுக்கு எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. அது எதுக்கு உதவும்? அவனைத் தூங்க விடு."

வெள்ளி போயிற்று. சனிக்கிழமை கேப்டன் வந்து, ராஜப்பா படுத்திருந்த கட்டுப்போடும் அறை வாசலில் நின்று கெஞ்சினான். ராஜப்பாவே, "நான் ஓடுவேன்" என்று கட்டிலிலிருந்து இறங்கினான். இறங்கினவன் ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே வாந்தி எடுத்தான். கேப்டன் திரும்பிப் போனான். இரண்டு கோல் வாங்கித் தோற்றோம். கோல் போட ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அன்றைக்கு அவருக்கு லீவு. இருந்தும் வந்திருந்தார். நானும் போயிருந்தேன். ராஜப்பா தெளிவாக உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தானாகவே, "அன்னிக்குப் பூ வாங்கிட்டு வந்தேன் நர்ஸம்மா, அம்மாவுக்கு" என்று ஆரம்பித்தான். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, விளக்குப் போட்ட மாதிரி!

"அப்படியா? அப்புறம்?"

"வளைவுல பஸ் வந்துது. டிரைவர் பக்கம்தானேன்னு தாண்டினேன்."

"அதுக்கு முன்னாடி? டிரைவரைப் பார்த்தியா?"

"பார்த்தேன். காக்கிச் சட்டை தெரிஞ்சுது. ஸ்டியரிங் மேல கை தெரிஞ்சுது."

"மூஞ்சி?"

சாதத்தைப் பிசைகிற கை நின்றது. யோசித்தான்.

"மூஞ்சி தெரியல. மூஞ்சி இருக்கற எடத்துல... வாழை."

அவ்வளவுதான்! அந்த அம்மா துள்ளி எழுந்து கதவைச் சாத்தினார். பின்னால் அந்தக் காலண்டர் தாள். அந்த வளைவில் கொத்தாகப் பிளாஸ்திரி. பெட்டியிலிருந்து நீள நோட்டை எடுத்துப் புரட்டினார். முந்தின வருஷம், அதற்கு முந்தின வருஷம் என்று வரி வரியாக விரலை ஓட்டினார். தயிர்க்காரம்மா, ஆயுத பூஜைக்கு மறுநாள். வேஷ்டி வியாபாரி, விஜயதசமி கழிந்து மூன்றாம் நாள். எல்லாம் அதே வாரங்கள். ஒவ்வொருவரும் சொன்னது ஏறக்குறைய ஒரே பேச்சு: 'டிரைவர் பக்கமாத்தான் வந்தேன், பார்த்திருப்பார்னு நினைச்சேன்.'

"இத்தனை நாளா இது என் கையிலயே இருந்திருக்கு பாருப்பா!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "டிரைவர் கண்ணு இவங்களுக்குத் தெரியலன்னா, இவங்க டிரைவர் கண்ணுக்குத் தெரியமாட்டாங்க. ரெண்டு பேரும் நெசத்தைத்தான் சொல்லியிருக்காங்க!"

எனக்குச் சந்தோஷத்தில் குதிக்க வேண்டும் போல இருந்தது. குதிக்க முடியவில்லை. அந்த வாழையை யார் கட்டியது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை ஷெட்டில் முதலாளி, மாணிக்கம் அண்ணன், நான். வாழை அப்போதும் பச்சென்றுதான் இருந்தது. நர்ஸம்மா குடையோடு வந்து, "ஐயா, ஒரே ஒரு நிமிஷம் டிரைவர் சீட்ல ஏறி உக்காருங்க" என்றார்.

"நானா? எதுக்கும்மா?"

"ஏறுங்களேன். இறங்கறப்போ கோபம் இருந்தா என்னையும் சேர்த்துத் திட்டுங்க."

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார்.

"வாசப் பக்கம், வலது கைப்பக்கமாப் பாருங்க. யாராவது இருக்காங்களா?"

"ஒரு ஈ காக்கா இல்ல."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

"எனக்குமா கண்ணு போச்சுங்கறே? வெறும் ரோடும்மா!"

"சரி. இப்ப வாங்கப்பா!"

சுவரில்லாத, மரமில்லாத அந்த வெறும் ரோட்டிலிருந்து, வாழைத் தண்டுக்குப் பின்னாலிருந்து முளைத்த மாதிரி, கேப்டன் இடப்பக்கம் ஓர் அடி வைத்து வெளியே வந்தான். அவனுக்குப் பின்னாலிருந்து கோல்கீப்பர். அவனுக்குப் பின்னால் ஒருவன். அப்புறம் இருவர். வந்துகொண்டே இருந்தார்கள்! ராஜப்பா நீங்கலாகக் குழு முழுவதும் ஜெர்சியோடு வரிசையாக அங்கேதான் நின்றிருந்தது. கடைசியில் மாதாகோயில் உண்டியல் பெட்டி மாதிரி குண்டாக இருக்கும் எங்கள் ஃபுல்பேக் ஆட்டக்காரன், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

முதலாளி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தார். தலையை இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார். "அடப்பாவிகளா..." என்றார். குரல் கீழே இறங்கியிருந்தது. "ஒரு டீமையே முழுங்கிடுச்சேய்யா."

"இப்ப யாரு கண்ணு போச்சுங்கய்யா?" என்று கேப்டன் ஆரம்பித்தான். நர்ஸம்மா குடையால் அவன் காலில் ஒரு தட்டுத் தட்டினார்.

முதலாளி இறங்கி வந்தார். மாணிக்கம் அண்ணனைப் பார்க்க முடியாமல் என்னைப் பார்த்தார். "இதை இவ்ளோ பெருசா இங்க கட்டினவன் எவன்?"

ஷெட்டுக்கே தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. மாணிக்கம் அண்ணன்கூட. நாலு நாள் வேலை இல்லாமல் வீட்டில் கிடந்த மனிதர், என்னைக் காட்டிக்கொடுக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு எப்படிச் சும்மா இருப்பது?

"நான்தாங்க. எதிர்க் கம்பெனிக்காரனை ஜெயிக்கணும்னு கட்டினேன்."

முதலாளி கையை ஓங்கினார். நடுவில் கறுப்புக் குடை வந்தது.

"ஐயா, நான் ஆளைத் தேடி வரல. அவுக்கறதுக்கு ஒரு முடிச்சைத் தேடி வந்தேன், கிடைச்சிடுச்சு. போட்டவனே நிக்கறான். அவனுக்குத்தான் அது எங்க இருக்குன்னு தெரியும்." பையிலிருந்து கட்டு வெட்டுகிற கத்திரிக்கோலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"பூஜைக்குக் கட்டினதும்மா..." முதலாளி தயங்கினார். "நாமளா அவுத்தா ஆகாது. நீங்க வேற சாமி கும்பிடறவங்க, உங்களுக்குத் தெரியாது."

"எடுத்துப் போடச் சொல்லலீங்க. பின்னாடி ஏணியில கட்டச் சொல்றேன். உங்க சாமி பின்னாலயும் பார்த்துக்க மாட்டாரா?"

அப்போதுதான் மாணிக்கம் அண்ணன் நாலு நாளில் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "முதலாளி, அது வாடி விழறதுக்குள்ள இன்னொரு புள்ள விழுந்தா, அது ஆகுமா?"

முதலாளி அந்தக் குலையைப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வெட்டுடா" என்றார். அப்புறம், யாரையும் பார்க்காமல், "மாணிக்கம், ஒன்பதரை டிரிப்புக்கு நேரமாச்சு. வண்டியை எடு" என்றார்.

வாழை மரங்களைப் பின்பக்க ஏணியில் கட்டிக்கொண்டு அன்றைக்கு எங்கள் பஸ் போன போக்கு! காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் நின்று, "என்னய்யா, பஸ்ஸு ரிவர்ஸ்ல கோயிலுக்குப் போகுதா?" என்று கத்தினார்கள். எதிர்க் கம்பெனி கண்டக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்தால் சிரிக்கட்டும் என்று நான் விசிலை ஊதினேன். மறு வருஷம் அவனும் பின்னால்தான் கட்டினான். அவன் முதலாளியையும் அந்த அம்மா சீட்டில் ஏற்றி உட்கார வைத்திருந்தார்.

அந்த மறு வருஷம் ஆயுத பூஜை முடிந்து, தீபாவளியும் முடிந்த பிறகு ஒருநாள் கட்டுப்போடும் அறைக்குப் போனேன். காயம் ஒன்றுமில்லை, ராஜப்பா ஜில்லா அணியில் சேர்ந்துவிட்டான் என்று சொல்லத்தான் போனேன். அந்த அம்மா கதவைச் சாத்தி, காலண்டர் தாளின் முன் நின்றுகொண்டிருந்தார். அந்த வளைவில் புதிதாக ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. பழையவற்றை நகத்தால் நெம்பி, ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தார். ஆறின காயத்துக்குக் கட்டு எதற்கு என்பது போல.

ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இது ராஜப்பாவோடது. நீயே உரி."

உரித்தேன். பழைய பசை. காகிதத்தின் மேல்தோலும் கொஞ்சம் கூடவே வந்துவிட்டது.